வராவிட்டாலும் சாப்பாடு உண்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பதறிப்போய் எதன் மீதாவது ஏற்றப் பார்த்தால், சொல்லிக்கொடுக்கிறவர் மிதித்து நிறுத்துவதற்காக. அந்த இருக்கையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய வலது கால் அவள் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். தியேட்டரில் கதாநாயகன் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் முன் சீட்டை மிதிக்கும். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். தெருவில் அவளை எல்லாரும் பிரேக் அக்கா என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளாததைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வண்டியோடு போயிருந்தால் பரவாயில்லை, வீட்டிலும் அதே கதைதான். மகள் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால் "பார்த்து." மாடிப்படி இறங்கினால் "மெதுவா." போனில் சிரித்தால் "போதும்." கணவர் இறந்தபோது அந்தப் பெண் கைக்குழந்தை. அன்றிலிருந்து இரண்டு பேருக்குமாக ஒற்றை ஆளாக நின்று பிரேக் போட்டு வந்தவளுக்கு, இப்போது கொஞ்சம் காலை எடுத்துவிட்டு உட்காரலாம் என்று ஓர் ஆசை வந்திருந்தது. சுற்றி வளைப்பானேன், இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள்.

மாப்பிள்ளை மிருகக்காட்சிசாலையில் யானைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். தேர்வில் வரிசையாகத் தோற்றார். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நாற்சந்தியில் நின்றால் கிளம்ப மாட்டார், அவ்வளவுதான். பஸ் போகட்டும் என்பார். லாரி போகட்டும் என்பார். சைக்கிள்காரரைப் பார்த்து "நீங்க போங்க" என்று கையைக் காட்டுவார். ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் நாய்க்குக்கூட யோசிக்க நேரம் கொடுப்பார். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். தேர்வு வைக்க வந்த அதிகாரி ஒருவர், பேனாவால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டு பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் யானைக்காரர் ஓட்டிய வண்டியில் ஒருமுறைகூட அவள் பிரேக்கை மிதிக்க வேண்டி வரவில்லை. கால் சும்மா இருந்தது. இதென்னடா அதிசயம் என்று குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டாள். ஒருநாள், இந்த மனிதர் பாஸாகிவிட்டால் நாளையிலிருந்து வகுப்புக்கு வரமாட்டாரே என்று அவளுக்குத் திக்கென்றது. அப்போதுதான் விஷயம் என்னவென்று அவளுக்கே புரிந்தது. அவருக்கு அதற்கு முன்பே புரிந்திருந்ததாம். "எப்ப சொல்றதுன்னு பார்த்துட்டு இருந்தேன் டீச்சர்" என்றார். கல்யாணப் பேச்சு வந்த பிறகும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

எல்லாம் கூடி வந்தது, மகளைத் தவிர.

மகளுக்குப் பதின்மூன்று வயது. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பெண். அவளை உட்கார வைத்து, பிரேக் அக்கா முறையாகத்தான் கேட்டாள். "இங்க பாரு பாப்பா. நீ சரின்னு சொன்னாதான் இந்தக் கல்யாணம். நீ வேண்டாம்னு சொன்னா, அந்த நிமிஷமே விட்டுடுவேன். முடிவு உன் கையில." இப்படிச் சொன்னதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. எந்த அம்மா இப்படிக் கேட்பாள்? மகள் "யோசிக்கிறேன்" என்று எழுந்து போனாள். போனவள் போனவள்தான். வாரங்கள் போயின. யோசனை முடிந்தபாடில்லை. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் "உன் ஸ்டூடண்ட்" என்பாள். அதில் குத்தலும் இருக்காது, பிரியமும் இருக்காது. பிடி கொடுத்தால்தானே பிடிப்பதற்கு!

அதனால்தான் யானை. ஊழியர்களின் குடும்பத்தார் மாதத்தில் ஒருநாள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு மிருகக்காட்சிசாலையில் இருந்தது. யானையைக் கிட்டத்தில் பார்த்தால் கல்லும் கரையும், என் பெண் கரையமாட்டாளா என்று கணக்குப் போட்டாள் பிரேக் அக்கா. காரில் போகும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அவர் ஒரு கம்பை நீட்டினா போதுமாம். அவ்வளவு பெரிய யானை, தானா வந்து காலைத் தூக்கி வைக்குமாம். சொடக்குப் போடுற நேரத்துல. நீயே பாரேன்."

"ம்."

"அப்படி ஒரு மனுஷன்னா பார்த்துக்கோ."

"அம்மா, சிக்னல்."

இவள் சட்டென்று பிரேக் போட்டாள். கொஞ்ச தூரம் சும்மா வந்துவிட்டு, வாயை அடக்க முடியாமல், "சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் ஒரு முடிவு சொல்லிடு பாப்பா. பதிவு ஆபீஸ்ல தேதி குடுத்திருக்காங்க. எவ்வளவு நாள்தான் இழுக்கிறது" என்றாள். மகள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் சின்னதாகிப் போனதை அம்மா பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்புற வாசலில் யானைக்காரர் காத்திருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் விசில், கையில் இன்னும் இரண்டு ஜோடி பூட்ஸ்.

"உள்ளே ஈரமா இருக்கும். போட்டுக்கிறியா?" என்று மகளிடம் கேட்டார்.

"வேண்டாம்."

"சரி" என்று அந்த ஜோடியை வாசலோர அலமாரியில் திருப்பி வைத்தார்.

பிரேக் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "போட்டுக்கோ பாப்பா, அவர் உனக்காகத் தேடி எடுத்து வச்சிருக்கார்" என்றாள். "இருக்கட்டும் டீச்சர், வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம்" என்று அவர் நடக்க ஆரம்பித்தார். உள் வாசலில் கிருமி போவதற்காக மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டையான தொட்டி. அதற்குள் காலை வைத்துத்தான் தாண்ட வேண்டும். மகளின் துணி ஷூ சளக் என்று நனைந்தது. அவள் திரும்பிப் போய் அந்தப் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, ஈர ஷூவைக் கையில் தொங்கவிட்டபடி வந்தாள். யானைக்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

யானைக் கொட்டகை என்று சொன்னதும் பிரேக் அக்கா ஏதோ தகரக் கூரையை நினைத்திருந்தாள். இது ரயில் பெட்டிகளை நிறுத்தலாம் போல உயரமாக இருந்தது. சிமெண்டுத் தரை கழுவிய ஈரத்தில் மினுங்கியது. காய்ந்த புல்லும் சாணமும் வெந்த தானியமும் கலந்த ஒரு வாசனை. முதலில் மூக்கைச் சுளிக்க வைத்து, கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிற வாசனை. நடுவே ஆள் நுழையலாம், யானை நுழைய முடியாது என்ற அளவில் தடித்த இரும்புக் கம்பிகள். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"வாங்க அண்ணி!" என்று ஒரு குரல் கொட்டகை முழுக்க எதிரொலித்தது.

இடுப்பில் சாவிக் கொத்தும் முகம் நிறையச் சிரிப்புமாக ஒருவர் வந்தார். யானைக்காரரோடு வேலை பார்ப்பவர், கதவுகளுக்குப் பொறுப்பு. அவரை எல்லாரும் சாவி அண்ணன் என்பார்கள். அண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் பிரேக் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். மகள் பூட்ஸுக்குள் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணும் ஆகல, சும்மா இருய்யா" என்றார் யானைக்காரர்.

"ஆகாட்டி என்ன? கூப்பிட்டுப் பழகிக்கிறேன்."

முதலில் சமையற்கூடம். அங்கே கேரட்டும் பூசணிக்காயும் குவியல் குவியலாகக் கிடந்தன. மகளிடம் ஒரு பெரிய கத்தியைக் கொடுத்து, பூசணியைத் துண்டு போடச் சொன்னார் யானைக்காரர். "பார்த்து!" என்று அம்மா வாயைத் திறப்பதற்குள் முதல் துண்டு விழுந்துவிட்டது. "பெரியம்மாவுக்கு விதை பிடிக்காது, எடுத்துடு" என்றார் அவர். பெரியம்மா என்பது வயதில் மூத்த யானை. இளையவள் சித்தி. இருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஆனாலும் இந்த முறையை மாற்ற யாருக்கும் மனமில்லை. அவர் போனில் "பெரியம்மாவுக்கு இன்னைக்கு நகம் ராவணும், விடமாட்டேங்கறாங்க" என்று சொன்னதைக் கேட்டு, படுக்கையில் கிடக்கும் ஏதோ வயதான உறவுக்காரருக்கு இவ்வளவு சேவை செய்கிறாரே என்று ஆரம்பத்தில் பிரேக் அக்கா உருகியதுண்டு.

கதவு திறக்கும் விதம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. சாவி அண்ணன் கைப்பிடியில் கையை வைத்து "கதவு!" என்று கத்துவார். கொட்டகையின் மறுகோடியிலிருந்து யானைக்காரர் "கதவு!" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் தண்டவாளத்தில் அந்த இரும்புப் பலகை நகரும். ஒருவர் சொல்லாவிட்டால் கதவு அசையாது. இதை நம் வகுப்புப் பசங்களுக்குச் சொல்லித் தரணும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

கதவு நகர்ந்தது. மணல் போட்ட முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா உள்ளே வந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு வருகிறது, காலடிச் சத்தமே இல்லை. காதை ஒருமுறை விசிறினாள். இந்தப் பக்கம் காற்று வந்தது. எங்கிருந்தோ ஒரு உறுமல், காதால் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் தெரிந்தது. மகள் தன்னையறியாமல் மஞ்சள் கோடு வரை போய்விட்டாள். பிரேக் அக்காவின் வலது கால் சிமெண்டை ஓங்கி மிதித்தது. மகள் கோட்டிலேயே நின்றாள்.

"பாதம் சீவி, நகம் ராவணும்" என்றார் யானைக்காரர். கம்பிகளின் கீழே ஓரிடத்தில் ஜன்னல் போல ஒரு திறப்பும், கால் வைக்க ஒரு திட்டும் இருந்தன. பக்கத்தில் பெரிய அரம், கத்தி, வாளி நிறையப் பழம். அவர் முனையில் பந்து செருகிய நீளக் கம்பை எடுத்துத் திறப்பின் அருகே நீட்டினார். "வா, பெரியம்மா" என்றார். பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரல்தான்.

பெரியம்மா நாலு அடி வந்தாள். பிரேக் அக்காவுக்கு நெஞ்சு பூரித்தது. மகளின் தோளை இடித்து, "பார்த்தியா" என்றாள்.

பெரியம்மா நின்றாள். தும்பிக்கையை நீட்டி, புதிதாக வந்த இருவரையும் காற்றிலேயே முகர்ந்தாள். யோசித்தாள். அப்புறம் திரும்பி, சுவரோரமாகப் போய், தரையில் கிடந்த புல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்று கிசுகிசுத்தாள் பிரேக் அக்கா.

"கேட்டாச்சு டீச்சர்."

"ஒரு ஆப்பிளைக் காட்டுங்க. வாசனை பிடிச்சா வரும்ல?"

"அவளுக்கு இன்னைக்கு மனசில்ல."

எத்தனை நாள் திட்டம் போட்டு, லீவு போட்டு, மகளைத் தள்ளிக்கொண்டு வந்த காரியம்! கண்ணெதிரே அது சுவரோரமாகப் போய் நின்றுகொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? பிரேக் அக்காவுக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். கம்பிக்கு நேராகப் போய் நின்று, வகுப்பில் பேசும் அதே குரலில், "இங்க பாருங்க பெரியம்மா. பதட்டமே வேண்டாம். மெதுவா அப்படியே ரிவர்ஸ் எடுத்து, லெஃப்ட்ல ஒடிச்சு, நேரா என்னைப் பார்த்து வாங்க... ஆங்..." என்று இரண்டு கைகளாலும் வழி காட்டினாள்.

பெரியம்மா ரிவர்ஸ் எடுக்கத்தான் செய்தாள். முழுப் பின்புறத்தையும் டீச்சருக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, வாலைத் தூக்கி, தொப்பு தொப்பென்று தன் பதிலைப் போட்டாள்.

சாவி அண்ணன் இருமுவது போல நடித்தார். யானைக்காரர் கம்பைப் பார்த்துக்கொண்டார். மகள்தான் வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் தரையில் தேய, அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாள் ஆயிற்று என்பது அம்மாவுக்கு உறைத்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்றாலும் பரவாயில்லை, சிரிக்கட்டும் என்று தோன்றியது.

யானைக்காரர் கம்பைச் சுவரில் சாத்தினார். அரத்தைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு வாளியை எடுத்துப்போய், மகள் வெட்டிய பூசணித் துண்டுகளையும் பழங்களையும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த தொட்டியில் மொத்தமாகக் கொட்டினார். பெரியம்மா இப்போது மட்டும் நிதானமாக நடந்து வந்தாள்.

"என்னங்க இது? வேலையே செய்யல, சாப்பாடு மட்டும் முழுசா?" என்றாள் பிரேக் அக்கா.

"சாப்பாடு வேற, இது வேற டீச்சர். வந்தா விசில் ஊதி ஒரு பழம் கூடுதலா குடுப்பேன். வராட்டியும் சாப்பாடு உண்டு. அதுல கை வைக்கக் கூடாது."

இதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள் மகள். அன்றைக்கு முதல் தடவையாக, தானாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஏன்?"

"இல்லேன்னா அது கேக்கறதா இருக்காதேம்மா. வரலேன்னா பட்டினின்னு சொல்லிட்டு 'வர்றியா'ன்னு கேட்டா, அது மிரட்டல். இவ இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த இடத்துல சங்கிலி போட்டுத்தான் காலைத் தூக்க வச்சாங்க. இங்க வந்ததும் நாங்க முதல்ல சொல்லிக்குடுத்ததே, வேண்டாம்னா போகலாம்ங்கறதுதான். அவ அதை நம்புறதுக்கே ஒரு வெயில்காலம் போய் அடுத்த வெயில்காலம் வந்துடுச்சு."

"நாளைக்கும் வரலேன்னா?"

"நாளைக்கழிச்சு கேப்பேன்."

"வரவே இல்லேன்னா?"

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "காலு கெட்டுப்போகும். அப்ப டாக்டர் வந்து மயக்க ஊசி போடணும். அவ வயசுக்கு அது நல்லதில்ல. எனக்குப் பயம்தான். அதனாலதான் தினமும் கேக்கறேன்."

"உங்களுக்குக் கோவமே வராதா?"

"வரும். வீட்டுக்குப் போற வழியில பஸ்ஸுல வரும். கண்டக்டர் மேல காட்டுவேன்."

மகள் பெரியம்மாவையே பார்த்தபடி நின்றாள். பெரியம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து, விதை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு துண்டில் விதை இருந்தது. அதை மட்டும் ஓரமாக வைத்துவிட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஊழியர்களின் அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவரில் கொக்கிகளில் மழைக்கோட்டுகள். யானைக்காரர் குளித்து உடை மாற்றிக்கொண்டு வரப் போனார். சாவி அண்ணன் இரண்டு கோப்பை தேநீரை வைத்துவிட்டு, "அண்ணி, நாளைக்குப் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் மகளும் தனியாக இருந்தார்கள்.

பிரேக் அக்காவுக்குச் சாயந்தரம் வரை காத்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மகளே பேசினாள்.

"அம்மா, நான் வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவ?"

கொடுத்த வாக்கு வாக்குதான். "விட்டுடுவேன்" என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீயும் நானும். எப்பவும் போல."

"அழுவியா?"

"சேச்சே." பிறகு, பொய் சொல்லவும் வராமல், "உன் முன்னாடி அழமாட்டேன்" என்றாள்.

மகள் தேநீர்க் கோப்பையை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். "நீ குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுவ. எனக்குக் கேக்கும்மா." அவள் குரல் உடைந்தது. "நான் வேண்டாம்னு சொன்னா நீ அழுவ. சரின்னு சொல்லி, அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா, அதுவும் நான் சரின்னு சொன்னதாலதான். எப்படிச் சொன்னாலும் என் தலையில. எனக்கு அவரைப் பிடிக்குதா பிடிக்கலையான்னுகூட யோசிக்க முடியலம்மா. உன்னைத்தான் யோசிக்கிறேன். ராத்திரி பூரா உன்னைத்தான் யோசிக்கிறேன்."

பிரேக் அக்கா ஆடிப்போனாள். பெரிய மனது பண்ணிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த முடிவு! பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையில் ஸ்டியரிங்கைத் திணித்துவிட்டு, எங்கே போனாலும் இடிக்கும் ஒரு சந்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். சாப்பாட்டைப் பிடுங்குவேன் என்று அவள் சொல்லவில்லைதான். அழுவேன் என்றும் சொல்லவில்லை. சொல்லாமலேயே பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் இதைத் தூக்கிக்கொண்டுதான் ஸ்கூலுக்கும் போய் வந்திருக்கிறாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை குழாயைத் திறக்க வசதியில்லை. அழுதுவிட்டு, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பாப்பா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எதை?"

"முடிவு உன் கையிலன்னு சொன்னதை. இது என் கல்யாணம். நான்தான் பண்ணிக்கப் போறேன். நல்லா போனாலும் நாறிப் போனாலும் அது என் பொறுப்பு. உன்கிட்ட நான் அனுமதி கேக்கல." சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் வந்தது. "நீ அவர்கிட்ட ஒட்டுறதும் ஒட்டாததும் உன் இஷ்டம். இன்னைக்கு ஒட்டு, அடுத்த வருஷம் ஒட்டு, ஒட்டாமலே இரு. நானும் கேக்கமாட்டேன், அவரும் கேக்கமாட்டார். ஒட்டாட்டியும் சாப்பாடு உண்டு."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "யார் சமைப்பா?" என்றாள்.

"அவர் நல்லா சமைப்பாராம்."

"யானைக்கா?"

இருவரும் சிரித்தபோதுதான் யானைக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு பேருடைய கண்ணும் சிவந்திருந்ததைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "கிளம்பலாமா?" என்றார்.

பின்வாசலில் வகுப்புக் கார் நின்றது. இப்போது அவருக்கு லைசென்ஸ் உண்டு. போன மாதம்தான் ஒரு புது அதிகாரி, ரோட்டில் ஈ காக்கை இல்லாத ஒரு விடிகாலையில், அவரைப் பாஸ் போட்டிருந்தார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல பக்கத்து இருக்கைக் கதவை நோக்கி நடந்தாள் பிரேக் அக்கா. பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு, ஈர ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்த மகள் குறுக்கே நின்றாள்.

"நீ பின்னாடி உட்காரும்மா."

"ஏன்?"

"நீ முன்னாடி உட்கார்ந்தா மிதிச்சுக்கிட்டே வருவ. எனக்குத் தலை வலிக்குது."

"இவர் ஓட்டினா நான் மிதிக்கறதே இல்லையே!" என்று வாதாடப் பார்த்தாள். மகள் கேட்டால்தானே. ஷூவைப் பின்பக்கம் தரையில் வீசிவிட்டு, முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். காலடியில் அம்மாவின் பிரேக் துருத்திக்கொண்டு நின்றது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

யானைக்காரர் கண்ணாடியைச் சரி செய்தார். அதில் பின்னால் உட்கார்ந்திருந்த பிரேக் அக்காவின் முகம் தெரிந்தது. வண்டி கிளம்பியது.

முதல் நாற்சந்தியில், எதிர்பார்த்தபடியே, நின்றார்கள். ஒரு பஸ் போனது. ஒரு வேன் போனது. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் போகலாமா என்று பார்த்தார். யானைக்காரர் கையைக் காட்டினார். பின்னால் ஹாரன்கள் பொரிந்து தள்ளின. மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் யாரும் வரல. நீங்க போங்க" என்றாள்.

"போகலாமா?"

"போகலாம். நான் பார்த்துக்கறேன்."

வண்டி நாற்சந்தியைக் கடந்தது. பழக்க தோஷம், பிரேக் அக்காவின் வலது கால் தானாக முன்னே நீண்டது. அங்கே பிரேக் இல்லை, மகளின் ஈர ஷூதான் கிடந்தது. அதை மிதித்துவிடாமல், அவளும் இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டாள்.